கண்டக்டர் வீட்டம்மாவின் தலையணை உறை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கண்டக்டர் வீட்டம்மா. கண்டக்டர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரியே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, நம்ம கண்டக்டர் வீட்டம்மாவா?" என்பாள்.

அவள் செய்கிற வேலையை முதலில் பார்க்கிற யாருக்கும் சிரிப்புதான் வரும். வெள்ளைத் தாளில் ஒருவகை மார்க்கர் பேனாக்களால் படம் வரைவாள். படம் பார்க்கச் சகிக்காது. மூடியில் சிவப்பு என்று இருக்கும், தாளில் பழைய செங்கல் நிறத்தில் விழும். மஞ்சள் அழுக்கு மஞ்சளாக விழும். நீலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தத் தாளைத் துணியின் மேல் குப்புறக் கவிழ்த்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு, சூடேறிய இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவாள். சட்டை தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. இழுத்தால் தாள் நகர்ந்து, நான்கு கால் பூனைக்கு எட்டுக் கால் முளைத்துவிடும். வைத்து அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், பக்கத்தில் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். பொறுமையாகச் செய்துவிட்டுத் தாளை உரித்தால், அத்தனை நேரம் செத்துக் கிடந்த சிவப்பு துணியில் பளிச்சென்று எழுந்து நிற்கும். சூடு பட்டால்தான் அந்த மைக்கு உயிர் வரும்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் குழந்தையை அடக்குவதற்காக வாங்கி வந்த மார்க்கர் பெட்டி அது. குழந்தை ஒரு யானையை வரைந்துவிட்டு, சலித்துப்போய் விட்டுவிட்டது. பாட்டியைத்தான் அது பிடித்துக்கொண்டது. தலையணை உறை, பிள்ளைகளின் பை, சமையலறையில் கட்டிக்கொள்ளும் முன்துணி என்று கிடைத்ததிலெல்லாம் பூவும் மீனும் அழுத்தினாள். தெருவில் நாலு பேர் கேட்டார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்டார்கள்.

கற்றுக்கொள்வதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பருத்தித் துணியில் அழுத்திய மயில், துவைக்கத் துவைக்க வெளுத்து, கடைசியில் காக்காயாகக்கூட மிஞ்சவில்லை. பாலியஸ்டர் துணியில் விழுந்தால்தான் அது போகாது, சோடா போட்டு வேகவைத்தாலும் போகாது. இன்னொரு தொல்லை, தாளில் வலப்பக்கம் இருப்பது துணியில் இடப்பக்கமாக மாறிவிடும். இது தெரியாமல் எதிர் வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தாளில் நேராக எழுதி அழுத்திவிட்டாள். பிள்ளையின் அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் பாஷைங்க?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முதலில் பென்சிலால் வரைவாள். அதை ஜன்னல் கண்ணாடியில் முதுகு தெரியும்படி ஒட்டி, மேலே புதுத்தாளை வைத்து, வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிகிற கோடுகளின் மேல் மார்க்கரை ஓட்டுவாள். இப்படித் திருப்பாத எதையும் அவள் கை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் விடாது.

கண்டக்டருக்கு இந்த வேலையில் அவ்வளவு மரியாதை கிடையாது. "நல்ல வெள்ளைத் துணியக் கெடுக்கிறதுக்கு ஒரு மெஷினு, ஒரு பேனா, ஒரு பொம்பள" என்பார். சொல்லிவிட்டு அவரே போய்ப் பெட்டியின் ஒயரைச் சொருகிச் சூடேற்றி வைப்பார்.

அவரைப் பற்றி டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டார். பஸ் பிதுங்கி வழிந்தாலும் யார் டிக்கெட் எடுத்தார்கள், யார் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்ப்பதுபோல நடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இவளைப் பிடித்ததும் அப்படித்தான். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக அவருடைய பஸ்ஸில்தான் ஏறுவாள். வலது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். நடைபாதையில் நிற்கிறவருக்கு இடது கன்னமும் அதிலிருக்கும் மச்சமும்தான் தெரியும். கல்யாணம் ஆன பிறகு அவளுக்கு 'ஃப்ரீ பாஸ்' என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் நுழையும்போதே, "ஃப்ரீ பாஸ் இருக்கா?" என்று குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த மனிதருக்குத்தான் முகங்கள் மறந்து போயின. முதலில் வீட்டு உடையோடு ஓடுகிற பஸ்ஸில் ஏறி எல்லோரிடமும் டிக்கெட் கேட்டார். பழைய ஆட்கள் இருந்தவரை, "அண்ணே, உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று உட்காரவைத்து, திரும்புகிற வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியவில்லை. ஒருவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டதில் விழுந்து நெற்றி கிழிந்தது. பிறகு மருமகனை மறந்தார், பேத்தியை மறந்தார், மகளை மறந்தார். அப்போதெல்லாம் கண்டக்டர் வீட்டம்மா மனதுக்குள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தாள். ஊரை மறந்தாலும் தன்னை மறக்க மாட்டார் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. ஒரு காலை, குளிப்பாட்டுவதற்காகச் சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். அவர் பதறி எழுந்து, யாரோ ஒரு பெண் தன் சட்டையைக் கழற்றுகிறாளே என்ற பயத்தில், ஓங்கி அறைந்துவிட்டார். வாழ்நாளில் கை நீட்டாதவர். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்து அவரே அழுதார்.

மகள் வந்து, விசாரித்து, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தாள். கண்டக்டர் வீட்டம்மா முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். நடக்கவில்லை. அங்கிருந்த பெரிய நர்ஸ் கண்டிப்பான ஆள், ஆனால் மனசு கெட்டவள் இல்லை. அவள் வெளிப்படையாகவே சொன்னாள்.

"அம்மா, நாங்க ஒண்ணும் அவர பிடிச்சு வெச்சுக்கப் போறதில்ல. நீங்க யாருன்னு தெரிஞ்சு, நீங்க தொடறதுக்கு விட்டாருன்னா தாராளமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானே ஆட்டோ பிடிச்சு ஏத்தி விடறேன். ஆனா யாரோன்னு நெனச்சு அடிக்கிற ஆள வெச்சுக்கிட்டு தனியா நீங்க என்ன பண்ணுவீங்க?"

இது ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தன்னைத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார். வேறு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மகள் போனில், "ஓரளவுக்கு மேல எதிர்பாக்காதம்மா" என்றபோதும் ஏறவில்லை.

வாரத்தில் பாதி நாள் போய் அவர் கட்டிலருகே உட்காருவாள். அவர் மரியாதையாக, "ஏம்மா, எங்க எறங்கணும்?" என்று கேட்பார். "இங்கதாங்க" என்பாள். "அப்ப முன்னால வந்து நில்லுங்க, கடைசி நேரத்துல இடிச்சுக்கிட்டு எறங்காதீங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் கூட இருக்கிற நேரம் கொஞ்சம், அவர் அவளைப் பார்க்காமல் இருக்கிற நேரமோ நிறைய. தினமும், எந்நேரமும் கண் முன்னால் தன் முகம் இருந்தால் மறுபடி மனதில் பதியாதா என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு போட்டோவைச் சுவரில் மாட்டிப் பார்த்தாள். ஆணி இருக்கிறது என்று இல்லத்துக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். தாளாகக் கொடுத்தால் அவர் டிக்கெட் மாதிரி கிழித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

தலையணை உறையை யாரும் கழற்ற மாட்டார்கள். துவைத்தால் போகாது, கிழிக்க முடியாது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே வரைந்தாள். பூவும் மீனும் வரைந்த கைக்கு முகம் சுலபமாக வந்துவிடுமா? மூக்கு ஒரு நாள் தகராறு செய்தது, மறுநாள் வாய் கோணிக்கொண்டது. தாளைத் தாளாகக் கசக்கிப் போட்டாள். கடைசியில் ஒன்று தேறியது. நரைத்த முடி, கண்ணுக்குக் கீழே பை, கன்னத்தில் மச்சம், எல்லாம் உள்ளபடியே இருந்தன. வழக்கம்போல ஜன்னலில் திருப்பி ஒட்டி, மார்க்கர் ஓட்டி, வெள்ளைப் பாலியஸ்டர் உறையில் கவிழ்த்து அழுத்தினாள். தாளை உரித்தபோது கண்ணாடியில் பார்க்கிற அதே முகம் துணியில் இருந்தது. அச்சு அசல். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கண்டக்டர் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். 

"இது என் மாமியாரு" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "நல்லா பாருங்க. உங்க வீட்டம்மா மாதிரி இல்ல?" என்று கேட்டாள்.

"அவளா? அவளுக்கு மச்சம் அந்தப் பக்கம்மா." தயங்காமல் விரலை வைத்து மறு கன்னத்தைக் காட்டினார். "என் பக்கம் இருக்கிற கன்னத்துல இருக்கும். யாரோ தெரியாதவங்க வரைஞ்சிருக்காங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் விஷயம் விளங்கியது. கண்ணாடி ஏற்கெனவே அவளைத் திருப்பித்தான் காட்டியிருக்கிறது. அதை அப்படியே மார்க்கரில் வரைந்து அழுத்தியிருந்தால், துணியில் இன்னொரு முறை திரும்பி, மற்றவர்கள் பார்க்கிற சரியான முகம் வந்திருக்கும். பழக்கதோஷத்தில் ஜன்னலில் ஒட்டித் தேவையில்லாமல் ஒருதரம் திருப்பிவிட்டாள். அவள் மட்டுமே தினமும் பார்க்கிற முகம் அது. அவர் அந்த முகத்தைப் பார்த்ததே கிடையாது.

இதற்காக வேறொருத்தி வருத்தப்பட்டிருப்பாள். இவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மச்சம் எந்தக் கன்னம் என்று தெரிகிறதென்றால், அந்த மண்டைக்குள் எங்கேயோ அவள் உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறாள்! உடனே மகளுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குடி, நாமதான் கேக்கத் தெரியாம கேட்டிருக்கோம்" என்றாள். மகள், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

இந்த முறை கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை எடுத்தாள். அதில் ரெட்டைப் பின்னல், முன்னால் எடுத்துப் போட்டிருக்கும். போட்டோ என்பதால் ஜன்னலில் ஒருதரம் திருப்புவது சரிதான் என்று விரல் விட்டு யோசித்து, சந்தேகத்துக்குத் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பழந்துணியில் அழுத்திப் பார்த்து, பிறகுதான் வரைந்தாள். எப்படித்தான் வந்ததோ, வந்துவிட்டது. அப்படி ஒரு முகம் அவள் கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அழுத்தும்போது பெட்டியை ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல இறக்கினாள்.

உறையைப் பார்த்ததும் கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஃப்ரீ பாஸ்!" என்றார்.

நோய் வந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் மச்சத்தை விரல் நுனியால் தொட்டார். பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு, "இவதான்யா, சொன்னேன்ல" என்று காட்டினார். அவள் குனிந்து, அவர் கையைப் பிடித்து, "ஏங்க, நான்தாங்க அது. என்னைப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். உறையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க. உங்களுக்கு அவள முன்னாடியே தெரியுமா?"

அதன்பிறகு அந்தத் தலையணையில் அவர் தலை வைத்துப் படுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நிறுத்திவைத்துப் பேசினார். சாப்பாடு வந்தால் முதல் வாய் அதற்கு. இல்லத்து ஆயாக்கள் இதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார்கள். "எவ்வளவு பாசம் பாருங்கம்மா, குடுத்து வெச்சவங்க நீங்க" என்று அவளிடமே சொன்னார்கள். என்னத்தைக் கொடுத்து வைத்தாள்? கட்டியவர் தலையணைக்கு ஊட்டுவதை எதிரே உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்தாள்.

அப்போதும் அவள் விடவில்லை. படத்தையும் தன்னையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதானே, சேர்த்துக் காட்டிவிடலாம் என்று கிளம்பினாள். ஒரு காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, உதிர்ந்தது போக மிச்சமிருந்த நரைமுடியை இரண்டாகப் பிரித்து, ரெட்டைப் பின்னல் போட்டு முன்னால் தொங்கவிட்டாள். பஸ்ஸில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரிய நர்ஸ் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. நாற்காலியில் இருந்த தலையணையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவங்க மாதிரி தெரியுது. ஆனா இப்படி அடிக்கடி வராதீங்க, இப்படியெல்லாம் செஞ்சுக்கிட்டு வராதீங்க. நான் கல்யாணம் ஆனவன். வீட்ல பாத்தா வருத்தப்படுவா."

"சரிங்க" என்றாள். வெளியே வந்து, வராந்தாவிலேயே பின்னலைப் பிரித்துவிட்டாள். ஒரு மனிதர் தன் பெண்டாட்டிக்கு இவ்வளவு உண்மையாக இருந்தால் அதற்கு எந்தப் பெண்டாட்டி கோபப்பட முடியும்? அவளுக்குக் கோபம் வந்தது. தான் வரைந்த அந்தப் பெண் மேல், உடம்பெல்லாம் எரிகிற மாதிரி கோபம் வந்தது.

கொஞ்ச காலம் அவள் போகவில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் வரைந்து கொடுக்கவும் இல்லை. கேட்டு வந்தவர்களிடம் பெட்டி ரிப்பேர் என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். பெரிய நர்ஸ்தான் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த உறைய துவைக்கவே விடமாட்டேங்கறாரு. எச்சிலும் சாப்பாடும் பட்டு நாத்தம் தாங்கல. ராத்திரியெல்லாம் அத கன்னத்தோட அணைச்சுக்கறதுல கன்னத்துலயும் கழுத்துலயும் புண்ணு வந்திருக்கு. எடுக்கப்போன ஆயாவக் கடிச்சிட்டாரு. அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா மாத்திடலாம்."

செய்யத்தான் பார்த்தாள். பழைய தாளையே மறுபடி அழுத்தினால் வெளுத்த முகம்தான் வந்தது, மை முதல் உறைக்கே போய்விட்டிருந்தது. புதிதாக வரைந்தால் யாரோ ஒரு பெண் வந்தாள். கடைசியில், அழுக்குத் துணி எடுப்பவர்கள் மாதிரி ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, புது உறை இல்லாமலே போனாள்.

அறைக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்று, "துணி எடுக்க வந்திருக்கேங்க" என்றாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்பு வந்து போனவள் என்றுகூடத் தெரியவில்லை. கழுத்தில் புண் சிவந்திருந்தது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தொவைக்கறவங்களா?"

"ஆமாங்க. தொவைச்சு, தேய்ச்சுக் கொண்டுவந்து குடுப்பேன்."

"நீங்களே செய்வீங்களா, வேற யார்கிட்டயாவது குடுத்துருவீங்களா?"

"நானேதாங்க செய்வேன்."

அவர் யோசித்தார். பிறகு உறையைத் தானே உருவினார். அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. நாலாக மடித்து, முகம் உள்ளே போகும்படி வைத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு ஓரத்தை விடவில்லை.

"தேய்க்கறப்ப ஓரம் மட்டும் தேய்ங்க. மூஞ்சி மேல பெட்டிய வெச்சிராதீங்க. அவளுக்குச் சூடு தாங்காது."

"வைக்கமாட்டேங்க."

"எப்பக் கொண்டாருவீங்க?"

"நாளைக்கு."

"நாளைக்கா?" அவர் வாசலைப் பார்த்தார், வெறும் நாற்காலியைப் பார்த்தார். பயந்த முகம். "அதுக்குள்ள அவளே நேர்ல வந்துட்டா? நான் என்னம்மா பதில் சொல்றது?"

அவள் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வரமாட்டாங்க" என்றாள்.